தலை கவிழ்ந்த கிழமை

பெப்ரவரி 3
விழித்திரை கழன்றுவிட்டதாம். ஒபரேஷன் முடிந்து, வலக்கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியையும் விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குமிழி மேலெழுந்து விழித்திரையை அமத்திப் பிடிக்க நான் ஏழு நாள் தலை கவிழ்ந்து கிடக்க வேணும். கொப்பியைத் தரையில் வைத்து எழுதுகிறேன்.

பெப்ரவரி 4
கழுத்து.

பெப்ரவரி 5
சொட்டு மருந்து விட வந்த மகள், "சிமிட்டாதேங்கோ அப்பா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். 'டொக்டர் ஹூ'வில் 2007இல் வந்த 'பிளிங்க்' பாகம் நினைவுக்கு வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாக நிற்கும் சிலைகள் இமை மூடினால் கிட்ட வந்துவிடும். அதில் டொக்டர் வருவதே கொஞ்ச நேரம்தான். நாயகன் விலகி நின்றால் நன்றாக இருக்கிற தொடரை என்னவென்று சொல்ல? அவர் வந்தால் ஸோனிக் ஸ்குரூட்ரைவரை நீட்டுவார், பூட்டுத் திறக்கும். எழுதுகிறவருக்கு அதைப்போல வசதி வேறில்லை.

பெப்ரவரி 6
இடக்கண்ணால் பத்து நிமிடம் பார்த்தாலே தலையிடி. "படமே இல்லாத பாகங்கள் இருக்கு, கேளுங்கோ" என்று மகள் போனைக் காதருகே வைத்தாள். 1966இல் வந்த 'தி பவர் ஒஃப் த டலெக்ஸ்'. ஆறு பாகங்களின் நாடாக்களையும் பி.பி.சி அழித்துவிட்டது. முழுதாக மிஞ்சியது ஒலி மட்டும்.

முதல் டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு ஏலாமல் போனது. தொடரை நிறுத்த மனமில்லை. ஆளை மாற்றி, மாறியதையே கதையாக்கினார்கள். டொக்டரோடு கூட வந்த பென் புது மனிதரை நம்ப மறுக்கிறான். குரலை மட்டும் கேட்கிற எனக்கும் நம்ப முடியவில்லை. டொக்டரின் பகைவர்களான டலெக்குகளோ இதில் சேவகர்களாக நடித்துக் குழைகின்றன. அந்தத் தகரக் குரல் பணிவாகப் பேசும்போது முதுகு சில்லிடுகிறது. கண்ணால் பார்த்திருந்தால் ஆடும் தட்டிச் சுவரையும் உருளும் மிளகுப்போத்தலையும் கண்டு சிரித்திருப்பேன்.

நாலாம் பாகத்தில் நித்திரையாகிவிட்டேன். பிடிபடுகிறார்கள், தப்புகிறார்கள், திரும்பப் பிடிபடுகிறார்கள். ஆறு பாகத்துக்கு இழுத்தால் வேறென்ன செய்வது?

பெப்ரவரி 8
கோபம் தணியவில்லை. பி.பி.சி அழித்ததில் கிட்டத்தட்ட நூறு பாகங்கள் இன்னும் இல்லை! நாடா விலை கூடவாம், திரும்பப் பாவிக்கலாமாம், மறுபடி ஆர் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பாம். 1978வரை இந்த வேலை நடந்திருக்கிறது. ரி.வி.க்கு முன்னால் மைக்கைப் பிடித்து ஒலிப்பதிவு செய்த சில இளம் ரசிகர்களால்தான் ஒரு பாகத்தின் ஒலிகூடத் தொலையவில்லை. ஒன்பது பாகங்கள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள். பாதுகாக்க வேண்டியவர்களுக்கு இல்லாத பொறுப்பு பெடியங்களுக்கு இருந்திருக்கிறது.

பெப்ரவரி 9
கடைசி நாள். நித்திரை இல்லை. 1988 ஒக்ரோபர், நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில். புதன்கிழமைகளில் கறுப்பு வெள்ளை ரி.வி.யில் 'டொக்டர் ஹூ'. அப்போது வந்த கதையில்தான் டலெக் படியேறியது. டலெக்கால் படியேற ஏலாது என்று அதுவரை எல்லாரும் அடித்த பகிடி அன்றோடு முடிந்தது. ஆனால் எனக்குள் நின்றது வேறு. கதை நடப்பது 1963இல். ஏஸ் என்ற பெண் தங்கியிருக்கும் வீட்டின் ஜன்னலில், நிறத்தவருக்கு இடமில்லை என்று ஓர் அட்டை. வெளியே இரண்டு டலெக் கூட்டங்கள் இரத்தத் தூய்மைக்காக அடிபடுகின்றன. அறையில் ஒருவரும் கதைக்கவில்லை. நாங்கள் வீடு தேடிப்போன இடங்களில் அட்டை இருக்கவில்லை. "இப்பதான் ஆள் எடுத்தாச்சு" என்பார்கள்.

அடுத்த வருசம் தொடரை நிறுத்திவிட்டார்கள். பிறகு 2005இல்தான் முறையாகத் திரும்பி வந்தது.

பெப்ரவரி 10
நிமிர்ந்தேன். தேத்தண்ணி இவ்வளவு ருசியா?

பெப்ரவரி 19
நாங்கள் ஐந்து பேர் இருந்த அந்த அறையில் ஒரு கசெற் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மா, ஊரிலிருந்து வந்தவரிடம் பேசிக் கொடுத்துவிட்டது. ஆடு குட்டி போட்டது, கிணறு வற்றினது, நான் வடிவாகச் சாப்பிடுகிறேனா. நாலைந்து தரம் கேட்டேன். பிறகு, வெறுங்கசெற் வாங்கக் காசில்லாத ஒரு சனிக்கிழமை, அதில் இளையராஜா பாட்டுகளைப் பதிந்தேன்.

ஒரு பக்கத்தில் மட்டுமா, இரண்டிலுமா?

பெப்ரவரி 26
குமிழி சுருங்குகிறது. நடந்தால் கண்ணுக்குள் நீர்மட்டம் ஆடுகிறது. கோட்டுக்கு மேலே மகளின் முகம் கொஞ்சம் தெளிவு, கீழே கலக்கம். ஏணி வைத்துப் பரணில் தேடினாள். கசெற் அகப்பட்டது. போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை.