ஏற்றத்தில் கனத்த கால்

கவுஞ்சியிலிருந்து வந்த அந்த ஐயாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. மலைச்சரிவில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். பையிலிருந்து இடுப்பு எம்ஆர்ஐ படத்தை எடுத்து நீட்டினார். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. அந்த வயதில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் இருக்கும். பத்து மாதமாக அதற்குத்தான் வைத்தியம்.

"ஏத்தத்துல மூட்டையோட பத்தடி வெச்சா காலு கட்டையாட்டம் ஆயிருது சார். செத்த ஒக்காந்தா தெளிஞ்சிரும். இப்ப ஒக்காந்தாலும் தெளியல."

"ஒண்ணுக்குப் போறது எப்படிங்கய்யா?"

மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "முக்கித்தான் போகணும்."

படத்தை மறுபடி விளக்கில் மாட்டினேன். எல்லோர் கண்ணும் டிஸ்க்கிலேயே நின்றிருக்கிறது. மேல் மூலையில் தண்டுவடத்தின் நுனி தெரிந்தது. அது வெளுத்து வீங்கியிருந்தது. அதன் முதுகில் எறும்பு வரிசை போலக் கரும்புள்ளிகள். அவை புடைத்துப்போன சிரைகள்.

நோய் இதுதான்: தண்டுவடத்தின் உறையில், நரம்பு வெளியேறும் இடத்தில், ஒரு சிறு தமனி சிரையோடு நேராக ஒட்டிக்கொள்கிறது. தமனியின் அழுத்தம் முழுவதும் சிரைக்குள் பாய்கிறது. தண்டுவடத்தின் கெட்ட ரத்தம் வடிய வழியில்லை. "வடிகால் அடைச்ச பூண்டுப் பாத்திங்கய்யா. தண்ணி தேங்கி வேர் அழுகுது" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. ஏற்றம் ஏறினால் அழுத்தம் கூடும், தேக்கமும் கூடும். அதனால்தான் கால் கனத்தது. ஒட்டு மார்பின் உயரத்தில் இருந்தாலும் முதலில் வாடுவது பெரும்பாலும் தண்டுவடத்தின் அடிநுனிதான்.

1926-ல் பாரிஸில் மருத்துவர்களான ஃபுவாவும் அலஜுவானினும் இப்படித் தண்டுவடம் நசிந்துபோவதை எழுதினார்கள். கோளாறு சிரையில் இல்லை, உறையில் இருக்கும் ஒட்டில்தான் என்பதை 1977-ல் லண்டனில் கெண்டாலும் லோகும் தெளிவாக்கினார்கள். அதுவரை புடைத்த சிரைகளையே உரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வடிகாலையே பெயர்த்தெடுத்த மாதிரி.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒருவருக்கு இதைத் தண்டுவட அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு போட்டேன். மறுநாள் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. அந்த முகம் இன்றும் மறக்கவில்லை.

ஒட்டு எங்கே என்று தேடும் ஆஞ்சியோவில் அவசரம் கூடாது. தொடை இடுக்கு வழியே கதீட்டரை ஏற்றி, முதுகெலும்பின் இருபுறமும் ஒவ்வொரு தமனியாக மருந்து செலுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "மூச்சைப் பிடிங்கய்யா." இருபது முறைக்கு மேல் பிடித்தார். வலப்பக்கம் ஏழாவது மார்பு முள்ளெலும்பருகே, நூல் போன்ற தமனியிலிருந்து ஒரு சிரை நெளிந்து கீழே இறங்கியது. ஒட்டை அடைக்க அந்தக் கதீட்டர் வழியாகவே பசை விடுவோம். ஆனால் தண்டுவடத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் ஆடம்கியவிச் தமனியும் அதே கிளையில் பிறந்திருந்தால் பசை விட மாட்டேன். அறுவை நிபுணரிடம் அனுப்பிவிடுவேன். இவருக்கு அது வேறு இடத்தில் இருந்தது. பசை ஒட்டைக் கடந்து சிரையின் தொடக்கத்தைத் தொட வேண்டும். தமனியிலேயே நின்றுவிட்டால் பக்கத்துக் கிளைகள் வழியாக ஒட்டு மறுபடி திறக்கும். சிரையில் வெகுதூரம் ஓடினால் இருக்கிற வடிகாலும் போய்விடும். சில நொடிகளில் முடிகிற வேலை அது.

ஆறு மாதம் கழித்து, மன்னவனூர், பூம்பாறை, கொடைக்கானல் என்று பஸ் மாறிக் கீழே இறங்கி வந்தார். கையில் கோல் இருந்தது, தானாக நடந்தார். சிறுநீர் முழுதாகச் சீராகவில்லை. முதல் மாதமே வந்திருந்தால் அதுவும் சீராகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஐம்பது தாண்டியவருக்கு நடக்க நடக்கக் கால் தளர்ந்து, சிறுநீரும் சிக்கினால், இடுப்போடு நிறுத்தாமல் முதுகுத்தண்டு முழுவதையும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.