ஓலைப்பெட்டிக்குள் ஒரு பாட்டு

சொந்தமாக ஒரு பாட்டு ரெக்கார்டு செய்து, அதை ஆபீஸில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். "சூப்பர் சார்!" என்று சொல்லிவிட்டு, அதே கையோடு லீவ் லெட்டரை நீட்டுவார்கள்.

என் கதை அதுதான். மெட்டு என்னுடையது. பாடியவள் என் மனைவி. ஸ்டூடியோ, எங்கள் பெட்ரூம். ஒரு பக்கம் ஸ்டீல் பீரோ, மூணு பக்கம் வெறும் சுவர், நடுவில் ஆன்லைனில் வாங்கின கண்டென்ஸர் மைக். மூணு வாரம் ராத்திரி கண்விழித்து மிக்ஸ் பண்ணி, கல்யாண நாளன்று அவளிடம் ஹெட்போனைக் கொடுத்தேன்.

பாதியிலேயே கழற்றிவிட்டாள். "இது என் குரலே இல்லை. யாரோ தகரத்தைத் தரையில் இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. (இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. அவள் பேசுவது எனக்குப் பாதி புரிவதில்லை. "வாயைத் திறந்து பேசேன்!" என்பது ரெண்டு வருஷமாக எங்கள் வீட்டு தேசிய கீதம்.)

"எங்க ஊருக்கு வாங்க சார். அங்க யாருக்கும் உங்ககிட்ட லீவ் தேவையில்லை. உள்ளதைச் சொல்வாங்க" என்றார் ஆபீஸ் நண்பர். அவருக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு குப்பம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கும்மிடிப்பூண்டி லோக்கல். மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டினால் பொன்னேரி. காதில் இயர்போன், வால்யூம் முழுசு. ரயில் சத்தத்தை ஜெயிக்க வேண்டாமா? இருபது வருஷப் பழக்கம்! பொன்னேரியில் ஒரு டீ, அப்புறம் பஸ். பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். வயல் வாசனை போய் உப்பு வாசனை எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. திடீரென்று பார்த்தால் ஜன்னலில் ஏரி.

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து ஒற்றைக்காலில் நிற்கும். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கின ரெண்டு எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. என் பாட்டைக் கேட்டவர்கள் போலவே இருந்தன.

படகில் ஏரிக்கு நடுவே போய்க் கேட்கலாம் என்பது என் திட்டம். நண்பர் தலையாட்டி மறுத்தார். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை. அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மேலே கேட்கவில்லை.

வீட்டுத் திண்ணையில் கச்சேரி. நண்பரின் அப்பா வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு எங்க பாடு இல்லை தம்பி, வீட்லதான்" என்றார். ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் 'பாடு'. நான் கொண்டுபோனது பாட்டு. அவர்களுடையது பாடு. வித்தியாசம் சீக்கிரமே புரிந்தது.

சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போட்டேன். பெரியவர் கண்ணை மூடித் தாளம் போட்டார். "அருமையா இருக்கு!" எனக்கு மார்பு விரிந்தது. திரும்பிப் பார்த்தால், நண்பரின் பத்து வயசுப் பெண் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"ஏம்மா?"

"'ச' வர்றப்பல்லாம் காதுல ஊசி குத்துது அங்கிள்."

ஓலைப்பெட்டி பின்னிக்கொண்டிருந்த நண்பரின் அம்மா எதுவுமே சொல்லவில்லை. பின்னி முடித்திருந்த ஒரு பெட்டியை எடுத்து, அப்படியே ஸ்பீக்கர் மேல் கவிழ்த்தார். "இப்பப் போடு தம்பி."

போட்டேன். குழந்தை கையை எடுத்துவிட்டது. "இப்ப ஆன்ட்டி பாடற மாதிரி இருக்கு!"

இதில் மந்திரம் இல்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூணரை மீட்டர் பக்கம். ஓலைப்பெட்டியெல்லாம் அதற்குத் தூசு. 4,000 ஹெர்ட்ஸுக்கு எட்டரை சென்டிமீட்டர்தான். பெட்டியில் மாட்டி அடங்கிவிடும். மனிதக் காது கூர்மையாகக் கேட்பதும் 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான இந்த இடத்தில்தான். அதனால்தான் அங்கே கொஞ்சம் கூடினாலும் கூசுகிறது. உலகத்துப் பெரிய ஸ்டூடியோக்களிலேயே யமஹா என்.எஸ்.10 என்ற ஸ்பீக்கரின் காரம் தாங்காமல் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டினார்கள். அங்கே டிஷ்யூ, இங்கே பனை ஓலை!

எனக்கு உறைத்தது வேறு. பெட்டி கவிழ்த்ததும் எல்லோரும் "ஆஹா" என்றார்கள். பெரியவரும் நானும் மட்டும் "என்ன மாறிச்சு?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவருக்குக் காது மந்தம் சார்" என்றார் நண்பர் சாதாரணமாக. "முப்பது வருஷம் டீசல் இன்ஜின் பக்கத்துலயே உட்கார்ந்தாரில்ல? சாப்பிட வாங்கன்னா சண்டைக்குக் கூப்பிடறதா நினைப்பார். ஆத்தா முணுமுணுக்கறாங்கன்னு தினம் தகராறு!"

சாப்பாட்டுக்கு இறால் தொக்கு. சத்தியமாக ருசி ஞாபகமில்லை.

அடுத்த வாரம் காது டாக்டர் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, 'பீப்' கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் கோடு ஒழுங்காக வந்து, 4,000-ல் பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தது. அதிக சத்தத்தில் அடிபட்ட காதின் கையெழுத்து அது. "ரயில்ல இயர்போனா?" என்று கேட்டார். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கணக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். ச, ஸ, த மாதிரி மெய்யெழுத்துகளின் கூர்மை இந்த உயரத்தில்தான் இருக்கிறதாம். அது போனால் எதிராளி முணுமுணுப்பது போலவே கேட்குமாம்.

வீட்டுக்கு வந்து மிக்ஸைத் திறந்தேன். என் காதுக்கு எட்டவில்லை என்று 4,000-ல் 8 டெசிபல் ஏற்றி வைத்திருந்தேன்! இறக்கினேன். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் சாய்த்து, சுவரில் ரெண்டு போர்வை தொங்கவிட்டு, அவளைக் கெஞ்சி மறுபடி பாடவைத்தேன். ஒவ்வொரு தடவையும் நண்பர் மூலம் பழவேற்காட்டுக்கு அனுப்பினேன். மூணாவது தடவைதான் அந்தப் பத்து வயசு நீதிபதி பாஸ் போட்டாள்.

மனைவி முழுசாகக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சமையலறைக்குப் போனபடியே என்னவோ சொன்னாள். கேட்கவில்லை. தேசிய கீதம் வாய்வரை வந்தது. எழுந்து பின்னாலேயே போய், முகத்துக்கு நேராக நின்று, "என்ன சொன்னே?" என்றேன்.

"காபி வேணுமான்னு கேட்டேன்" என்றாள்.