ஈயாவின் கொடிப்பாலம்

சப்பான் நாட்டின் சிக்கோக்குத் தீவில், தொக்குசிமா மாநிலத்து மலைகளுக்கிடையே ஆழ்ந்து கிடக்கிறது ஈயா பள்ளத்தாக்கு. 1185ஆம் ஆண்டுப் போரில் தோற்ற எய்க்கே குலத்தார் இங்கு வந்து ஒளிந்தனர் என்பதும், பகைவர் தொடர்ந்தால் நொடியில் அறுத்தெறியும் வண்ணம் காட்டுக் கொடியால் பாலம் சமைத்தனர் என்பதும் வழிவழிக் கதை. கதை வேறு, வரலாற்றுச் சான்று வேறு. எனினும், அச்செங்குத்து மலைகளைக் கண்டவர் அக்கதையை எளிதில் தள்ளிவிடமாட்டார்.

பாலத்தின் நீளம் 45 மீட்டர். அகலம் 2 மீட்டர். ஆற்றுக்கு மேல் உயரம் 14 மீட்டர். வகுப்பறையில் சொன்னால் இவை வெறும் எண்கள். ஏறி நின்றபோதுதான் 14 மீட்டர் என்பது யாதென விளங்கிற்று. மிதிகட்டைகளுக்கிடையே பாதம் நுழையுமளவு இடைவெளி. அதனூடே நுரைத்தோடும் நீர். ஒருவழிப் பாதையாதலால் திரும்பவும் வழியில்லை. ஐம்பதைக் கடந்த தலைமையாசிரியர் ஒருவர் பக்கக் கொடியை இறுகப் பற்றி நண்டுபோல் நகர்வதைக் கண்டு, பின்னால் வந்த சிறுமி ஒருத்தி வாய்பொத்திச் சிரித்தாள்.

கொடிகளுக்குள்ளே எஃகு வடம் மறைந்திருக்கிறது. இதை அறிந்ததும் உடன்வந்த நண்பர், "அப்படியானால் இது ஏமாற்றுத்தானே, ஐயா?" என்றார். நான் உடன்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடி போய்க் கம்பிவடம் வந்தது. 1928இல் மீண்டும் கொடிப்பாலமே கட்டினர். இன்றும் 3 ஆண்டுக்கொருமுறை பழையதை அவிழ்த்துப் புதிதாகப் பின்னுகின்றனர். அதற்குரிய கொடியை மலைக்காட்டில் தேடிக் கொணர்ந்து, வளைத்து, முறுக்க வேண்டும். எஃகு சுமையைத் தாங்கலாம். அதற்குப் பின்னத் தெரியாதே! கல்லால் கட்டியிருந்தால் ஒரு தலைமுறை உழைத்துப் பத்துத் தலைமுறை வேடிக்கை பார்த்திருக்கும். இங்கோ, இளையவர் மூத்தவரருகே நின்று முடிச்சைக் கற்றாக வேண்டும். கற்க இளையவர் இருக்கும்வரை, அதாவது.

பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் நகோரோ என்னும் சிற்றூர் உண்டு. அதன் பள்ளி, கடைசி இரு மாணவரும் படிப்பை முடித்ததும், 2012இல் மூடப்பட்டது. வகுப்பறையில் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் செய்த ஆளளவுத் துணிப்பொம்மைகள் மேசைகளில் அமர்ந்திருக்கின்றன, ஆசிரியரும் பொம்மையே. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் பதிவேட்டில் ஆண்டுதோறும் பெயர்கள் குறைந்ததைக் கண்டவன் நான். பாலத்தில் நடுங்கிய கால்கள் அங்கு நடுங்கவில்லை, நகரத்தான் மறுத்தன. பழக்கத்தால், வருகையை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.