பிங் 280

மலைக் கிராமமான வெள்ளக்கடையில் தம்பி வீடு. ஞாயிறு சாயந்திரம் ஆன்லைன் விளையாட்டின் நடுவே அவன் மகன் மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பெரியப்பா, பிங் 280! நான் சுடுறதுக்குள்ள செத்துடறேன்." மலை, மூடுபனி, சில்வர் ஓக் மரம் என்று எல்லாவற்றின் மேலும் வீட்டில் பழி போட்டார்கள்.

பிங் என்றால் ஒரு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில். முதலில் வீட்டு ரௌட்டருக்கே பிங் அனுப்பினேன். லேன் கம்பியில் 1 மில்லிசெகண்ட். வைஃபையில் 5, 9, திடீரென 140. நடுவே கனமான கருங்கல் சுவர். பாதி நோய் வைஃபையிலேயே! மீதி, தம்பியின் போனில். கல்யாணப் படங்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அப்லோடு வழி நிரம்பிவிட்டால் விளையாட்டின் சின்னஞ்சிறு பாக்கெட்டுகள் வரிசையில் காத்து நிற்கும்; டவுன்லோடு வேகம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. கம்பியை மாட்டி, படம் ஏற்றுவதை நிறுத்தினேன். பிங் 62.

ஓர் எல்லைக்குக் கீழே பிங் இறங்காது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். விளையாட்டின் சர்வர் அங்கே இருந்தால், கடலடி கேபிளில் போய்வரவே 30 மில்லிசெகண்ட் வேண்டும். எந்த பிளானும் இதைக் குறைக்காது.

பிள்ளைகள் 'லேக்' (தாமதம்) என்று புலம்பினால் திட்டாதீர்கள். பெரிய பிளானுக்கு மாறும் முன் ஒரு லேன் கம்பி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.