இடுப்புக்கு அடியில் இமயமலை

என் எடை 112 கிலோ. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மறைத்ததால்தான் 2022 டிசம்பரில் கேதார்காந்தா உச்சியை என் மகள் மட்டும் பார்த்துவிட்டு வந்தாள்.

உத்தரகாண்டில் சாங்க்ரி என்கிற கிராமத்திலிருந்து பனியில் நடந்து ஏறுகிற மலை. 12,500 அடி. "அப்பா, ஆறு மாசம் ஒழுங்கா வாக்கிங் போ. நீயும் வர்றே" என்றாள். போனேன். 120-லிருந்து 112-க்கு இறங்கினேன். ஷூ, ஜாக்கெட், கைத்தடி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினோம். கீழே விரித்துப் படுக்கிற சமாச்சாரத்தை மட்டும் யோசிக்கவே இல்லை. அதைத்தான் அழைத்துப்போகிறவர்களே தருவார்களே! அவர்கள் அனுப்பிய படிவத்தில் எடை என்றொரு கட்டம். வெட்கப்பட்டு 95 என்று எழுதினேன்.

டென்ட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஃபோம் விரிப்பு. ஒரு சென்டிமீட்டர் தடிமன், ஐம்பது சென்டிமீட்டர் அகலம். மல்லாந்தால் இரண்டு கையும் தரையில். ஒருக்களித்தால் மொத்த பாரமும் தோளிலும் இடுப்பிலும் இறங்கி, ஃபோம் அப்பளமாகிவிடுகிறது. அதற்கப்புறம் நானும் இமயமலையும்தான். இரண்டு ராத்திரி கண்ணைக் கொட்டவில்லை. உச்சிக்குக் கிளம்ப அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பினார்கள். உடம்பு எழுந்தது, தலை சுற்றியது. "நீ போயிட்டு வாம்மா." அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

ஊருக்கு வந்து விசாரித்தேன். ஸ்லீப்பிங் பேக்கின் கதகதப்பு, உள்ளே அடைபட்ட காற்றால் வருவது. நாம் படுத்ததும் அடிப்பக்கம் நசுங்கி, காற்று வெளியேறிவிடும். கனமான ஆசாமி என்றால் சுத்தம். அப்புறம் தரைக்குளிரைத் தடுப்பது விரிப்பு மட்டுமே. அந்தத் தடுப்புச் சக்தியை 'ஆர் வேல்யூ' என்கிறார்கள். சாதாரண ஃபோமுக்கு அதிகபட்சம் 2 தேறும். பனியில் 4, 5 வேண்டும். இரண்டு விரிப்பை அடுக்கினால் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணை அளக்க யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. ஒரு சூடான தட்டு, ஒரு குளிர்ந்த தட்டு, நடுவில் விரிப்பு. அந்தத் தட்டுக்கு இடுப்பெலும்பு கிடையாது!

எனவே நாம்தான் படுத்துப் பார்க்கவேண்டும். சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். "சார், இதுதான் ரொம்ப லைட்" என்று விற்பனைப் பையன் 51 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றை எடுத்தான். நான் தலையாட்டுவதற்குள் மகள், "அண்ணா, இதுல அகலமானது, 64 சென்டிமீட்டர் இருக்கா? எங்கப்பாவுக்கு" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

தரையிலேயே விரித்து ஊதி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சுற்றிலும் நாலு பேர் வேடிக்கை. கல் மாதிரி ஊதியிருந்தால் உருட்டிவிடும். கொஞ்சம் காற்றை விட்டால்தான் உடம்புக்கு இடம் கொடுக்கும். விட்டதும் என் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். ஆறு சென்டிமீட்டர் தடிமன் விரிப்பில் கை மாட்டிக்கொண்டது. ஃபெயில். பத்து சென்டிமீட்டரில் தாராளமாகப் போய் வந்தது. ஓரக் குழாய்கள் கொஞ்சம் பெரிது. புரண்டாலும் தள்ளிவிடவில்லை. பத்து நிமிஷம் படுத்திருந்தேன். லேசாகத் தூக்கம்கூட வந்தது.

"வெயிட்டு 350 கிராம் அதிகம்மா" என்றேன்.

"உன்னையே தூக்கிட்டு வர்றே. அதுல 350 கிராமுக்குக் கணக்கா?"

வாயால் ஊதாமல் கூடவே வரும் பையால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போகாது. சாயங்காலம் ஊதியது ராத்திரிக் குளிரில் சுருங்கித் தளரும். படுக்குமுன் இன்னொரு தடவை ஊதவேண்டும். அடியில் அந்தப் பழைய ஃபோம் ஒன்றையும் போட்டுக்கொண்டால் முள், கல் குத்தாது. விலையைச் சொல்லமாட்டேன். என் மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறாள்.

வரும் டிசம்பருக்கு மறுபடி பதிவு செய்கிறோம். அதே எடைக் கட்டம். தைரியமாக 112 என்று எழுதினேன். மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"114 ப்பா. நேத்து மெஷின்ல நானும்தானே பார்த்தேன்."

அடித்துத் திருத்தினேன்.