பிலாக்காய் முடிவதற்குள்



எங்கள் மாவனல்லைப் பக்கத்தில் இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பிலா மரத்தடியில் பழம் விழுந்து வெடித்து, ஈ மொய்த்துக் கிடக்கிறது. "கொண்டு போங்க டீச்சர், தின்ன ஆளில்ல" என்கிறார்கள். சில மாதம் போனால் அதே ஆட்கள் சந்தையில் ஒரு துண்டுக்கு விலை பேசிக்கொண்டு நிற்பார்கள்.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கேஸ் இல்லை, அரிசி தொட முடியாத விலை. அந்த யூன், யூலையில் பல வீடுகளில் பிலாக்காய்தான் சோறு. சிங்கள அயலவர்கள் அதைச் சோற்று மரம், 'பத் கஸ' என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் ஒக்டோபரில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். முதல் நாள் இரவு வெறும் தேத்தண்ணியாம். அவள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பிலா மரம் நிற்கிறது. காய் முடிந்திருந்தது.

உம்மும்மா இருந்தால் விட்டிருக்க மாட்டா. பழுக்காத முற்றிய காயாகப் பார்த்து, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வெட்டுவா. சுளையைக் கீறி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிதண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டு வடித்து, பாயில் காயப்போடுவா. வளைத்தால் உடைய வேண்டும். அதுவரை டின்னில் போடக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் ஊரில் அந்த நேரம் மழையும் வருமே, அப்போது அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் புகையில் காயும். (அந்த மணம் எனக்குப் பிடிக்கும், என் பிள்ளைகளுக்குப் பிடிக்காது.) தேவையான நாளில் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பால்கறி.

கொட்டையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலுக்குள் புதைத்து வைப்பா. மாதக் கணக்கில் இருக்கும்.

இதை ஏழைகளின் சாப்பாடு என்று ஒதுக்கியவர்கள் இன்று சுப்பர் மார்க்கட்டில் அதே வற்றலைப் பக்கட்டில் வாங்குகிறார்கள். பிலா மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 1951இலேயே சட்டம் வந்துவிட்டது. காயை அழுகவிடாதே என்றும் ஒரு சட்டம் வர வேண்டுமோ?

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் வெட்டுகிறோம். காய் இருக்கிறது. கத்தியும் பழைய பாயும் கொண்டு வாருங்கள். முறை தெரிந்த மூத்தவர்கள் யாராவது வந்தால் இன்னும் நல்லது, எனக்குக் கை வேகம் போதாது.