போன வாரப் படத்துக்கு விடை



போன வாரம் ஒரு படம் போட்டு, இது என்ன சாமான் என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் டைப்ரைட்டர் என்றீர்கள். என் கொழுந்தனார் கடை பில் போடும் மெஷின் என்றார். "கீபோர்டு பாட்டி, மானிட்டர் எங்கே?" என்று கேட்ட என் பேத்திதான் கொஞ்சம் கிட்டே வந்தாள். ஆனால் அது வெறும் கீபோர்டு இல்லை. முழுக் கணினியே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெயர் பி.பி.சி. மைக்ரோ, மாடல் பி.

ஆமாம், லண்டன் ரேடியோ பி.பி.சி.தான். மக்களுக்குக் கணினி கற்றுத்தர நிகழ்ச்சி நடத்திய அந்த நிறுவனத்துக்காக, கேம்பிரிட்ஜில் இருந்த ஆக்கார்ன் கம்பெனி 1981 கடைசியில் கொண்டுவந்தது. நினைவகம் 32 கே. நீங்கள் தினமும் காலையில் எனக்கு அனுப்பும் ரோஜாப்பூ படம் ஒன்றுக்கே அது பத்தாது!

1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடு முழுக்க 250 பள்ளிகளில் இந்தக் கணினியோடு பாடம் தொடங்கியது. பிறகு சேர்ந்த பள்ளிகளில் நான் வேலை பார்த்ததும் ஒன்று. மேல் வகுப்பு ஆசிரியர்கள் மூன்று பேர் பயிற்சிக்குப் போனார்கள். இடைநிலை ஆசிரியையான எனக்குக் கிடைத்தது அந்த அறையின் சாவி! செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாரம் இரண்டு பீரியடு, ஒரு பெட்டிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். மற்ற நேரமெல்லாம் துணி போர்த்திப் பூட்டியே கிடந்தது. வந்த சாமானைக் கெட்டுப்போய்விடும் என்று பூட்டிவைத்தே பாழாக்கினார்கள் என்பதை இப்போதும் சொல்வேன்.

இது கிடைத்தது பழைய சாமான் கடை வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவர் மூலம். கழித்துக் கட்டிய பெஞ்சு, நாற்காலியோடு லாட்டில் வந்திருக்கிறது. "டீச்சர், உடைக்கலாமா வைக்கலாமா?" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மேல் வரிசையில் பத்து சிவப்புக் கீகளைப் பார்த்ததுமே, "உடைக்காதேப்பா, கரண்டும் கொடுக்காதே, அப்படியே கொண்டு வா" என்று சொல்லிவிட்டேன்.

பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் இனாமல் பெயின்ட்டில் ஸ்டாக் நம்பர் எழுதியிருந்தது. நம் பள்ளிகளில் குடத்துக்கும் எழுதுவோம், கணினிக்கும் எழுதுவோம். இதே கணினியை மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி, 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்தது. இது அதுவா, சீமையில் இருந்து வந்ததா? தின்னர் போட்டால் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அதனால் தேங்காயெண்ணெய் தடவி, ஐஸ் குச்சியால் மூன்று நாள் சுரண்டினேன். புள்ளி புள்ளியாக ஓர் ஆந்தை எட்டிப் பார்த்தது. பக்கத்திலேயே பி.பி.சி.யின் முழுப் பெயரும் தெரிந்தது. சந்தேகம் தீர்ந்தது.

கரண்டு கொடுக்காதே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இதன் பவர் சப்ளைக்குள் இரண்டு காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. நாற்பது வருஷத்தில் மேல் ஓடு விரிசல் விட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிளக்கில் செருகிக் கொஞ்ச நேரத்தில் டப்பென்று வெடித்து வீடெல்லாம் புகையாகும். எங்கள் தெரு டி.வி. மெக்கானிக் தம்பி திறந்து பார்த்தார். இரண்டுமே பாம்புச் சட்டை மாதிரி வெடித்திருந்தன. அவர்தான் புதிது மாற்றினார். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

முதல் முறை போட்டபோது 'பூ...' என்று ஒரே சத்தம், நிற்கவே இல்லை. நல்ல கணினி 'பூ' என்று தொடங்கி 'பீப்' என்று முடிக்கும். பூ நிற்கவில்லை என்றால் கணினி எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம். சாக்கெட்டில் இருந்த சிப்புகளைக் கழற்றி, காலைத் துடைத்து, அழுத்தி உட்கார வைத்தார் தம்பி. நான்காவது முறை 'பூ, பீப்'! டி.வி.யில் கறுப்பு வெள்ளையில் 'பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே' என்று வந்தது. 'ரிப்போர்ட்' என்று தட்டினேன். 1982 ஆக்கார்ன் என்று பதில் வந்தது. அதை வைத்து, உள்ளே இருப்பது பேசிக் மொழியின் இரண்டாம் பதிப்பு என்று தெரிந்துகொண்டோம்.

ஒரு செய்தி. இதை உருவாக்கிய சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும்தான் பிறகு ஏ.ஆர்.எம். சிப்பை வடிவமைத்தார்கள். முதல் சிப்பை 1985 ஏப்ரலில் பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். நீங்கள் இதைப் படிக்கும் செல்போனுக்குள் இருப்பது அந்தச் சிப்பின் வாரிசு.

இனிதான் முக்கியமான விஷயம். பெட்டியோடு ஒரு கேசட்டும் வந்தது. அந்தக் காலத்தில் புரோகிராமைப் பாட்டு மாதிரி கேசட்டில்தான் பதிவார்கள். டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றி, முதலில் அந்தக் கீச்சுச் சத்தம் முழுவதையும் செல்போனில் பதிந்துவைத்தேன். பிறகு கணினியோடு இணைத்தோம். ஒவ்வொன்றாக ஆறு பெயர்கள் வந்தன. ஆறும் நம் பிள்ளைகளின் பெயர்கள்! ஐந்து புரோகிராம்கள் பாதியில் நின்று, 'டேட்டா?' என்று கேட்டுவிட்டன. ஒன்று மட்டும் முழுதாக ஏறியது.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், பால் ஊற்றும் வீட்டுப் பெண். முதல் வரியில் பெயரும் வகுப்பும். அப்புறம் ஏழு நாளைக்குக் காலைப் பால் எத்தனை லிட்டர், மாலைப் பால் எத்தனை லிட்டர் என்று கேட்கிறது. கடைசியில் சொசைட்டி தர வேண்டிய வாரப் பணத்தைச் சொல்கிறது. விலையை அவள் எழுதிவைக்கவில்லை, அதையும் கேள்வியாகவே கேட்கிறாள். விலை மாறும் என்று தெரிந்த பிள்ளை. இன்றைய விலையைப் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது. பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. அடுத்த வருஷம் அந்த அறையைத் திறந்தபோது அவள் இல்லை.

மற்ற ஐந்து பேரிடமும் பேசிவிட்டேன். இவளைத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணமாகி திருப்பூர் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். 1988இல் பத்தாம் வகுப்பு எழுதிய செட்டில் யாருக்காவது தெரிந்தால், பெயரைக் கமெண்டில் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். புரோகிராமை வரி விடாமல் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், அவளிடம் கொடுக்க வேண்டும்.